ஊசியா, பட்டையா: ஒரு பரோட்டா மாஸ்டரின் மோதிர விரல்

“...ஊசின்னா ஊசி, பட்டைன்னா பட்டை, கரண்ட் வைக்கணும்னா அதையும் வையுங்க அண்ணாச்சி. எது எதுக்குன்னு எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்த விரலு மடக்கினா நிமிரணும், அவ்வளவுதான்,” என்று சொல்லிக்கொண்டே மைதீன் பாய் தன் வலது கையை என் மேசை மேல் வைத்தார். பழுது பார்க்கக் கொண்டுவந்த மிக்ஸியை வைப்பது மாதிரி வைத்தார்.

அன்றைக்குச் சனிக்கிழமை. எலும்பு டாக்டர் அம்மாவின் சீட்டோடு அவர் முதல்முறையாக என்னிடம் வந்திருந்தார். கையை மூடச் சொன்னேன். எல்லா விரலும் மூடின. திறக்கச் சொன்னேன். மோதிர விரல் மட்டும் உள்ளங்கைக்குள் சுருண்டே கிடந்தது. இடது கையால் அதைப் பிடித்து இழுத்தார். ‘டிக்’ என்று ஒரு சத்தம். விரல் துள்ளி நிமிர்ந்தது. அவர் முகம் சுருங்கி விரிந்தது.

“பாத்தியளா? லைட்டு சுவிட்சு மாதிரி. ஆனா கரண்டு எனக்குத்தான் அடிக்குது,” என்றார்.

பிசியோதெரபி பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் காலத்து அனுபவம் எதையாவது எழுதித் தரச் சொன்னார்கள். உடனே எனக்கு இந்த விரல்தான் ஞாபகம் வந்தது. நான் படித்து வந்தவன் இல்லை. பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில், கை விரல்களுக்குப் பட்டை செய்யும் ஸ்பிளிண்ட் அறையில் மாவுக்கட்டுக்குத் தண்ணீர் கலக்கும் வேலைக்குச் சேர்ந்து, பார்த்துப் பார்த்துப் பழகி, அதே அறையிலிருந்து ஓய்வு பெற்றவன். எந்தக் கோணத்தில் வளைப்பது, எந்த இடத்தில் வெட்டுவது என்பதெல்லாம் உங்கள் புத்தகங்களில் நன்றாகவே இருக்கும். புத்தகத்துக்கு இடமில்லாத ஒன்றைப் பற்றித்தான் நான் பேச முடியும். கையை நீட்டுகிறவர் வாயால் என்ன சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பதைப் பற்றி.

இந்த டிரிக்கர் விரல் இருக்கிறதே, இதை நம் பக்கத்து ஜனங்கள் சொல்லும் விதத்தைக் கேட்பதற்காகவே நான் காலையில் சீக்கிரம் வேலைக்குப் போயிருக்கிறேன். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த ஒருவர், “மடங்கச் சொன்னா உடனே மடங்குது சார், நிமிரச் சொன்னா வாய்தா கேக்குது,” என்றார். புன்னக்காயலிலிருந்து வந்த மீன் வெட்டும் அம்மா, “விரலு நங்கூரம் போட்டுக்கிச்சு,” என்றார். மாஞ்சோலையில் கொழுந்து பறித்து, எஸ்டேட்டை விட்டு இறங்கி வந்த ஒருவர் சொன்னதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: “எங்க மலைப் பஸ்ஸு மாதிரி வருதுய்யா. ஒவ்வொரு வளைவுலயும் நின்னு, யோசிச்சு, பொறவு வருது.”

சிரிப்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மலைப் பஸ் என்றால் விரல் தட்டித் தடுமாறித் தானாகவே வந்துவிடுகிறது என்று பொருள். நங்கூரம் என்றால் அடுத்த கை வந்து இழுக்க வேண்டியிருக்கிறது. வாய்தா இரண்டுக்கும் நடுவில். டாக்டர் அம்மா சீட்டில் எழுதுகிற நிலைகளை இவர்கள் தங்கள் பாஷையில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நீங்கள் கேட்டால் போதும்.

உள்ளே நடப்பது சின்ன விஷயம். பாவாடை நாடாவை நினைத்துக்கொள்ளுங்கள். துணி மடிப்புக்குள் வழுக்கிக்கொண்டு போகும் நாடாவில் ஓரிடத்தில் முடிச்சு விழுந்துவிட்டால், துவாரத்து வாயில் வந்து முட்டி நிற்கும். பலமாக இழுத்தால் சட்டென்று தாண்டி வரும். விரலை இழுக்கும் நரம்பும் உள்ளங்கையில், விரலின் அடியில், ஒரு வளையத்துக்குள் ஓடுகிறது. நரம்பு என்றால் ஜனங்கள் சொல்லும் நரம்பு. நீங்கள் தசைநாண் என்பீர்கள். அது தடித்து, வளையமும் இறுகினால் அந்த ‘டிக்’.

வருகிற எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். எது நல்லது, ஊசியா பட்டையா?

நானும் பல காலம் இதற்கு ஒரே பதில் இருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தேன். வளையத்தின் வாயில் போடும் ஸ்டீராய்டு ஊசி வேகமானது. பலருக்குச் சில நாட்களிலோ ஒன்றிரண்டு வாரத்திலோ விரல் விட்டுவிடும். சிலருக்குச் சில மாதம் கழித்துத் திரும்பி வரும். ஸ்பிளிண்ட், அதாவது ஜனங்கள் சொல்லும் பட்டை, விரலின் அடி மூட்டை மடங்க விடாமல் வைத்திருந்து அந்த நரம்புக்கு ஓய்வு கொடுக்கும். கெடுதல் செய்யாது, ஆனால் பைய வேலை செய்யும். வாரக்கணக்கில் போட வேண்டும். போட்டிருக்கிற கைக்குத்தான் குணம், அலமாரியில் இருக்கிற பட்டைக்கு ஒரு சக்தியும் கிடையாது. வெந்நீரும் மெதுவாக நீவி நீட்டும் பயிற்சியும் காலை நேரத்து இறுக்கத்தைத் தளர்த்தும். தனியாக நின்று ஜெயிப்பது அபூர்வம், இன்னொன்றோடு சேர்ந்தால் கை கொடுக்கும். வலி மாத்திரை வலியைக் குறைக்கும், முடிச்சு முடிச்சாகவே இருக்கும். அதிர்வலை, அல்ட்ராசவுண்ட் என்று இப்போது மெஷின்கள் வந்திருக்கின்றன. குணமானவர்களையும் பார்த்தேன், ஆகாதவர்களையும் பார்த்தேன். யாருக்கு ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வதற்கும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள், வயசான பிறகு வாயில் வராது.

இத்தனையையும் வரிசையாக நிறுத்தி எது பெரிது என்று பார்ப்பதை நான் ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். யாருடைய விரல், அது பகல் முழுக்க என்ன செய்கிறது, அவருக்கு அது எந்தத் தேதிக்கு வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தேன். மைதீன் பாய் விஷயத்தில் அந்தத் தேதிதான் எங்கள் கழுத்தைப் பிடித்தது.

அவர் ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் பரோட்டா மாஸ்டர். மனைவி ஹாஜரா மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே போனவர், லீவுக்கு மட்டும் வந்து போவார். மஸ்கட்டில் ஹோட்டல் வைத்திருக்கும் மேலப்பாளையத்து முதலாளி ஒருவர் மாஸ்டர் தேடி ஊருக்கு வந்திருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அவர் முன்னால் பரோட்டா போட்டுக் காட்ட வேண்டும். தேறினால் மறுநாள் காலையிலேயே மெடிக்கல், ரத்தம் எல்லாம் எடுத்துப் பார்க்கும் பரிசோதனை. அதுவும் தேறினால் விசா.

“வாட்ஸப்லயே குடும்பம் நடத்திக்கிட்டு இருக்கோம் அண்ணாச்சி,” என்றார். “அவ என் சமையலைப் பாத்து நல்லாருக்குங்கா. நான் அவ சமையலைப் பாத்து நல்லாருக்குங்கேன். ஒருத்தர் சோத்தை ஒருத்தர் தின்னு எத்தனை காலம் ஆச்சு.”

டாக்டர் அம்மா ஊசிதான் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஒரே வாரம்தான் இருக்கிறது, விரல் நங்கூர நிலையில் இருக்கிறது, பட்டை போட்டு வாரக்கணக்கில் காத்திருக்க நேரமில்லை. சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்றிருக்கிறார். திங்கட்கிழமை ஊசி என்று முடிவானது.

அன்று சாயங்காலமே நான் அவர் கடைக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. இந்த விரல் என்ன பாடுபடுகிறது என்று பார்க்கும் ஆசைதான். மாவு பிசைவதால் வந்தது என்று அவர் சொன்னார், வீசுவதால் வந்தது என்று நான் நினைத்தேன். பார்த்தால் வீசும்போது அவர் கை பூ மாதிரி விரிந்து விரிந்து மூடுகிறது, இறுக்கமே இல்லை. கொத்துப் பரோட்டா ஆர்டர் வந்ததும் கதை மாறியது. இரண்டு இரும்புக் கரண்டிகளை எடுத்தார். கைப்பிடி மெல்லியது. அதை மோதிர விரலாலும் சுண்டு விரலாலும் கவ்விப் பிடித்து, கல் மேல் அடிக்க ஆரம்பித்தார். ஒவ்வோர் அடிக்கும் கைப்பிடியின் முனை மோதிர விரலின் அடியில், அந்த வளையம் இருக்கும் அதே இடத்தில் போய் இடித்தது. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். அங்கே மட்டும் தோல் காய்த்துக் கிடந்தது.

“பைய அடிச்சா ஆகாதாவே?” என்று கேட்டேன்.

“பைய அடிச்சா பஸ்ஸுல போறவனுக்கு எப்படிக் கேக்கும்? இந்தச் சத்தத்துக்குத்தான் அண்ணாச்சி அவன் ஒரு ஸ்டாப்பு முன்னாடியே இறங்குதான்.”

கடைக்காரர் தடுத்தும் கேளாமல் மைதீன் பாய் என்னைப் பக்கத்து டீக்கடைக்கு அழைத்துப் போனார். “ரெண்டு டீ,” என்று மட்டும் சொன்னார். எனக்கு வந்த டீ வழக்கமான டீ. ஞாபகமறதியாக அவருடைய கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டேன். சீனியே இல்லை. சீனியைப் பற்றி டீக்கடைக்காரரிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, டீ போட்டவரும் கேட்கவில்லை. கேட்காமலே சீனி போடாமல் கொடுக்கிறார் என்றால் அது இன்று நேற்றுப் பழக்கமாக இருக்காது.

கிளாஸை மாற்றிக்கொண்டோம்.

திங்கட்கிழமை ஊசி அறை. மைதீன் பாய் கையை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். டாக்டர் அம்மா உள்ளங்கையில் மருந்து தடவித் துடைக்கிறார். ஊசியில் மருந்து ஏற்றியாகிவிட்டது. நான் அந்தச் சீனியில்லாத டீயை நினைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன்.

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். “அம்மா, இவருக்கு சுகர் இருக்கு” என்று போட்டு உடைத்திருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்தது ஒரு கிளாஸ் டீ மட்டும்தான். சீனி போடாத டீ பிடித்தவர்கள் உலகத்தில் இல்லையா? மேலும் இல்லை என்று ஒருமுறை சொல்லிவிட்ட மனுஷனை நாலு பேர் முன்னால் மடக்கினால், அவர் இரண்டாம் முறையும் இல்லை என்றுதான் சொல்லுவார். அதற்கு மேல் அந்தப் பொய்யிலிருந்து இறங்க அவருக்குப் படியே இருக்காது.

நான் டாக்டர் அம்மாவைப் பார்த்து, “அம்மா, இந்த ஊசியோட நல்லது கெட்டதை பாய்க்கு ஒருமுறை சொல்லிட்டுப் போடலாமா?” என்றேன்.

பல வருஷப் பழக்கம். அம்மா என் முகத்தைப் பார்த்தார். ஊசியைத் தட்டில் வைத்தார். எல்லாருக்கும் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார். போட்ட இடத்தில் ஒன்றிரண்டு நாள் வலி இருக்கலாம். வெள்ளிக்கிழமைக்குள் விரல் விட்டுவிடலாம், விடாமலும் இருக்கலாம். சர்க்கரை இருக்கிறவர்களுக்கு இந்த ஊசி கொஞ்சம் குறைவாகத்தான் பலன் தரும். அதோடு, போட்ட பிறகு சில நாளைக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறும். அந்த நாட்களில் ரத்தப் பரிசோதனை ஏதாவது இருந்தால் அதில் தெரியும்.

“சில நாளைக்குன்னா?” என்றார் மைதீன் பாய்.

“ஆளுக்கு ஆள் மாறும். ஒரு வாரம் வரைக்கும்கூட இருக்கலாம்.”

அவர் சனிக்கிழமை வரை மனசுக்குள் எண்ணிப் பார்த்தது முகத்தில் தெரிந்தது. மேசையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “கை கழுவிட்டு வந்திருதேன் டாக்டர்,” என்று எழுந்து வெளியே போனார். அப்போதுதான் துடைத்துச் சுத்தம் செய்த கை.

நடையில் குழாயடியில் நின்றுகொண்டிருந்தார். நான் போனதும் திரும்பாமலே, “டீக்கடையிலயே கண்டுபிடிச்சிட்டியளோ?” என்றார்.

“சந்தேகப்பட்டேன்வே. கண்டுபிடிக்கல.”

“மெடிக்கலுக்கு முந்தின மாசம் எங்க தெருவுல ஒருத்தனுக்கும் ஒரு நோயும் கெடையாது அண்ணாச்சி,” என்று சிரிக்கப் பார்த்தார். “ஆஸ்பத்திரிச் சீட்டுல எழுதிட்டா அது எப்படியும் மெடிக்கல்காரன் கைக்குப் போயிரும்னு பேச்சு. அதான் இல்லைன்னேன். மாத்திரையையும் நிறுத்திட்டேன்.”

“மாத்திரையை ஏம்வே நிறுத்தினீரு?”

“ரத்தத்தை எடுத்துப் பாத்தா உள்ள மாத்திரை கெடக்கது தெரிஞ்சிருமாம்லா? அதான் பாவக்காச் சாறு மட்டும் குடிக்கேன்.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஆச்சரியமாகத்தான் இருந்தது. அவர் கணக்கில் ஒரு தர்க்கம் இருக்கிறது பாருங்கள். சோதிக்கப் போவது சர்க்கரையை. அதை அடக்கி வைத்திருந்த ஒரே பொருளை, தடயம் என்று நினைத்துத் தூக்கி எறிந்திருக்கிறார். வெளிநாட்டுக்குக் கிளம்புகிற ஊர்க்காரர்கள் இப்படி எத்தனை பேர், ஒரு நோயை மறைக்கப் போய் அதை வளர்த்துக் கொண்டுபோய்க் காட்டுகிறார்களோ.

“வீட்டுல தெரியுமா?”

இல்லையென்று தலையாட்டினார். பிறகு போனை எடுத்து அங்கேயே கூப்பிட்டார். வலது கை சரியில்லாததால் ஸ்பீக்கரில் போட்டார். நான் நகரப் போனேன். “நில்லுங்க அண்ணாச்சி, தனியா வாங்கிக்கட்ட என்னால முடியாது,” என்றார்.

“என்ன, ஊசி போட்டாச்சா?” என்றது ஹாஜராவின் குரல்.

“போடல.”

“ஏன், பயந்து ஓடி வந்துட்டியளா?”

“ஹாஜரா, எனக்குச் சீனி இருக்கு.”

அந்தப் பக்கம் யாரோ ஒரு டிராலியைத் தள்ளிக்கொண்டு போவது மட்டும் கேட்டது.

“எவ்வளவு நாளா?”

“நீ போன மறு வருசத்துல இருந்து.”

“மாத்திரை போடுதியளா?”

“போட்டுக்கிட்டுதான் இருந்தேன். இப்ப மெடிக்கலுக்காக நிறுத்தி வச்சிருக்கேன். ரத்தத்துல தெரிஞ்சிரும்னு சொன்னாக.”

“யாரு சொன்னா?”

“எல்லாரும்தான்.”

“எல்லாரும்னா, டாக்டரா?”

“டீக்கடையில...”

“அப்போ டீக்கடைக்காரர்ட்டயே மெடிக்கல் எடுத்துக்கிட வேண்டியதுதான? நாள் பூரா இங்கன ஊராரு விரல்ல குத்திக் குத்திச் சீனி பாத்துக்கிட்டு இருக்கேன். என் வீட்டு மனுசரு எங்கிட்ட மறைச்சு வச்சுருக்காரு. நல்லாருக்கு.” குரல் கொஞ்சம் உடைந்தது, உடனே சரியாகிவிட்டது. “பக்கத்துல யாரு நிக்கா?”

“ஸ்பிளிண்ட் அண்ணாச்சி.”

“அண்ணாச்சி, அவுகளை விட்டுராதிய. இன்னிக்கே சீனி டாக்டர்ட்ட காட்டச் சொல்லுங்க. விரலு மாட்டுனா மாட்டிட்டுப் போகுது. ஊசி மெடிக்கலுக்குப் பொறவு போட்டுக்கிடலாம். மறைச்சுக் கொண்டாந்து இங்க என்ன செய்யப் போறாக? இங்க வந்து படுத்தாலும் நான்தான பாக்கணும்?”

“நீ வராதன்னு சொல்லுதியா?” என்றார் மைதீன் பாய்.

“வாங்கன்னுதான் சொல்லுதேன். முழு ஆளா வாங்க. எனக்கு டூட்டி இருக்கு,” என்று வைத்துவிட்டார்.

டாக்டர் அம்மா ஒரு சொல்கூடக் கடிந்துகொள்ளவில்லை. அன்றே சர்க்கரை டாக்டரிடம் அனுப்பினார். ரத்தம் பார்த்தார்கள், எதிர்பார்த்த மாதிரியே ஏறித்தான் இருந்தது. மாத்திரை திரும்ப ஆரம்பமானது. ஊசி தள்ளி வைக்கப்பட்டது. ஆக, வேகமான வழி கையில் இருந்தும் அதை எடுக்க முடியாமல், மெதுவான வழிகளை வைத்துக்கொண்டு நாலைந்து நாளில் ஒரு விரலை மேடையேற்ற வேண்டிய நிலைமைக்கு வந்துவிட்டோம்.

எனக்குக் கூச்சமாகச் சொல்ல வருகிறது, ஆனால் அந்த வாரம் எனக்குப் பெரிய சுவாரசியமாக இருந்தது. ராத்திரி மட்டும் போட்டுக்கொள்ள ஒரு பட்டை செய்து கொடுத்தேன். தூக்கத்தில் கை மடங்கிக் கிடப்பதால்தான் பலருக்குக் காலையில் விரல் பூட்டிக்கொள்கிறது. காலையில் வெந்நீர், பிறகு வலிக்காத அளவு நீட்டிப் பழகுதல். மாவு பிசைவதைக் கடையில் இன்னொருவர் ஏற்றுக்கொண்டார். கொத்துக்கரண்டிகளைக் கொண்டுவரச் சொல்லி, கைப்பிடியில் பழைய சைக்கிள் ட்யூப்பைக் கனமாகச் சுற்றிக் கொடுத்தேன். பிடி தடித்ததால் விரல் அவ்வளவு இறுக்க வேண்டியதில்லை. முனையும் மெத்தென்று ஆனது.

“இது என்ன, யானைக்குக் கரண்டியா?” என்றார். ஆனால் அதைத்தான் பயன்படுத்தினார்.

புதன்கிழமை வந்தபோது முகம் தெளிவாக இருந்தது. காலையில் விரல் தானாக நிமிர்ந்ததாம், தட்டித் தட்டித்தான், ஆனால் இழுக்காமல். சர்க்கரையும் இறங்கத் தொடங்கியிருந்தது. நங்கூரம் மலைப் பஸ் ஆகிவிட்டது என்று எனக்கு மனசுக்குள் ஒரே சந்தோஷம்.

வியாழக்கிழமை மத்தியானம் அந்தச் சந்தோஷம் போயிற்று. முந்தின ராத்திரி கடையில் கூட்டம், கொத்துப் பரோட்டா ஓய்வில்லாமல் போயிருக்கிறது. விரல் பழையபடி மாட்டியிருந்தது. கூடவே, மஸ்கட் முதலாளியிடம் அவரைச் சொல்லிவிட்டிருந்த ஏஜெண்டும் வந்திருந்தார்.

“ஜங்ஷன்ல ஒருத்தர் அஞ்சு நிமிசத்துல ஊசி போட்டு விட்டுருதாராம்வே,” என்றார் ஏஜெண்ட் என்னைப் பார்த்து. “நாளைக்கு முதலாளி முன்னால இவரு விரலைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு நின்னாருன்னா என் மானம் என்ன ஆகும்?”

மைதீன் பாய் என்னைப் பார்த்தார். போடு என்று சொன்னாலும் போவார், போடாதே என்று சொன்னாலும் கேட்பார், அப்படி ஒரு பார்வை. இந்தப் பார்வைக்கு நீங்கள் பயப்பட வேண்டும். அந்த நேரத்தில் நாம் சொல்வது வைத்தியமாக இருக்காது. அவர் வாழ்க்கையை நாம் கையில் எடுத்துக்கொள்வதாகத்தான் இருக்கும்.

எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். “இன்னிக்குப் போட்டா நாளைக்கே விரல் விட்டுரும்னு உறுதி இல்ல. சில பேருக்கு முதல் நாள் வலிதான் கூடும். சனிக்கிழமை ரத்தத்துல சீனி ஏற வாய்ப்பு உண்டு. போடலைன்னா, நாளைக்கு விரல் மாட்டலாம். மாட்டாதுன்னு நான் சொன்னா அது பொய். இதுதான் ரெண்டு பக்கமும். நீருதான் சொல்லணும்.”

“யோசிக்கேன் அண்ணாச்சி,” என்று சொல்லிவிட்டு ஏஜெண்டோடு போனார். எந்தப் பக்கம் போனார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் அன்று செய்த ஒரு பட்டையை மூன்று முறை தப்பாக வெட்டினேன்.

வெள்ளிக்கிழமை என்னையும் வரச் சொல்லியிருந்தார். ஓரமாக நின்றால் தைரியமாக இருக்குமாம். ஒரு லாட்ஜின் சமையற்கட்டில் ஏற்பாடு. தொப்பியோடு ஜும்மாவிலிருந்து நேராக வந்தவர், என்னைக் கண்டதும் வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஊசி குத்திய அடையாளம் எதுவும் இல்லை.

முதலாளி வயசானவர், ஒரு நாற்காலியைப் போட்டுக் கல்லுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். “பேச்செல்லாம் வேண்டாம், போடும்,” என்றார்.

பரோட்டா பிரமாதமாக வந்தது. கை விரிந்து மூடியது, மாவு காற்றில் துணி மாதிரி பறந்தது. முதலாளி ஒன்றைப் பிய்த்து, அடுக்கைப் பார்த்து, வாயில் போட்டு, தலையை ஆட்டினார். ஏஜெண்ட் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

“கொத்து?” என்றார் முதலாளி.

மைதீன் பாய் ட்யூப் சுற்றிய கரண்டிகளை எடுத்தார். அடி தொடங்கியது. நான் விரலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டையை உடைத்து ஊற்ற வலது கைக் கரண்டியைக் கீழே வைக்க வேண்டும். வைக்கவில்லை. இடது கைக் கரண்டியை வைத்துவிட்டு அந்தக் கையாலேயே முட்டையை உடைத்தார். வலது மோதிர விரல் கைப்பிடியைச் சுற்றி மாட்டிக்கொண்டுவிட்டது. திறக்க முடியாத கையோடு அவர் அடித்துக்கொண்டிருந்தார். தாளம் ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை. தெரியாதவர்கள் பார்த்தால், கரண்டியை விட மனமில்லாமல் ஒரு கை ஆசைப்பட்டு அடிக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

தட்டில் வைத்தது இடது கைதான். முதலாளி இரண்டு வாய் தின்றார். மூன்றாவது வாயையும் தின்றார். பிறகு எழுந்தார்.

“நாளைக்கு வெறும் வயித்தோட மெடிக்கலுக்குப் போயிரும்,” என்று சொல்லிக் கையை நீட்டினார்.

மைதீன் பாயின் வலது கையில் கரண்டி இன்னும் இருந்தது. ஏஜெண்ட் அவர் காதோரம் குனிந்து, “கையில எண்ணெய்னு சொல்லிச் சலாம் போட்டுட்டு வாரும்வே, காரியம் முடிஞ்சுது,” என்று முணுமுணுத்தார். அது எனக்கே கேட்டது. நல்ல யோசனைதான். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எண்ணெய் உண்மையாகவே இருந்தது.

மைதீன் பாய் கரண்டியோடு அந்தக் கையைத் தூக்கி முதலாளியின் முகத்துக்கு நேரே காட்டினார்.

“விரலு மாட்டிக்கிச்சு முதலாளி,” என்றார். “கொஞ்ச நாளா இப்படித்தான் இருக்கு. வைத்தியம் நடக்குது. சீனியும் இருக்கு, மாத்திரை போடுதேன். இதையும் பாத்துட்டுச் சொல்லுங்க.”

ஏஜெண்ட் கண்ணை மூடிக்கொண்டார். முதலாளி அந்த விரலைப் பார்த்தார், கல்லில் மிச்சமிருந்த கொத்துப் பரோட்டாவைப் பார்த்தார், திரும்ப விரலைப் பார்த்தார்.

“எப்போ மாட்டிச்சு?”

“முட்டை ஊத்துறதுக்கு முந்தி.”

“அதோடயா இவ்வளவு நேரம் அடிச்சீரு?”

“ஆமா முதலாளி.”

முதலாளி நீட்டிய கையை மடக்கவில்லை. மைதீன் பாய் இடது கையால் மோதிர விரலைப் பிடித்து இழுத்தார். ‘டிக்’ என்ற சத்தம் சமையற்கட்டு முழுக்கக் கேட்டது. கரண்டியைக் கல்லோரத்தில் வைத்தார். தோளில் கிடந்த துண்டில் கையை, விரல் விரலாக, அவசரமில்லாமல் துடைத்தார். பிறகு அந்தக் கையை முதலாளியின் கைக்குள் வைத்து, எல்லா விரலையும் மடக்கி, இறுக்கிப் பிடித்தார்.